கப்பலுக்குப் போன நாற்பத்தொரு வீடியோக்கள்

என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான் என்று சொன்னால் திருவண்ணாமலையில் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்கள் சரக்குக் கப்பல் என்று நினைத்து உச்சுக்கொட்டுவார்கள். சின்ன வயசுக்காரர்கள் சுற்றுலாக் கப்பல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப ஜாலி தான்" என்பார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். மூவாயிரம் பேர் மேல்தளத்தில் நீச்சல் குளத்தில் மிதக்கிற கப்பலில், ஜன்னலே இல்லாத கீழ்த்தளச் சமையலறையில், ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் நின்றுகொண்டு காய் நறுக்குகிறவனுக்கு என்ன ஜாலி வேண்டிக்கிடக்கிறது? "கடலப் பாத்தே நாலு நாள் ஆவுது கா" என்று ஒருமுறை சொன்னான். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு சொன்னான்.

அவனையும் எங்களையும் சேர்த்துவைத்திருந்தது நெட் மட்டும்தான். அதுவும் நம் வீட்டில் வருவது போலத் தாராளமாக வராது. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு கவுண்டர் உண்டு. அங்கே போய் நெட் பேக் வாங்கவேண்டும். அந்த பேக்கில் சாட் ஆப் ஓடும், அதிலேயே வீடியோ காலும் பேசலாம். டிவி, சினிமா, நேரலை எதுவும் வராது. அளவு தீர்ந்தால் தீர்ந்ததுதான். கவுண்டர் மறுபடி அவர்கள் நேரத்துக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கும். பயணிகளுக்கு வேறு பேக், வேறு வேகம். அது இவன் சம்பளத்துக்கு எட்டாது.

இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் திமிர் இருந்தது. கோயிலை ஒட்டின தெருவில் பதினான்கு வருஷமாக ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். பட்டா, பிறப்புச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். நெட்டுக்கார அக்கா என்றால் ஆட்டோக்காரர்கூடக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். தம்பி முதல்முறை கப்பலுக்குக் கிளம்பியபோது அவன் போனை நான்தான் வாங்கி எல்லாம் போட்டுக் கொடுத்தேன். குடும்பக் குரூப்பில் வருகிற படம், வீடியோ எல்லாம் தொடாமலே தானாக இறங்கும்படி வைத்தேன். "எதையும் நீ மிஸ் பண்ணக் கூடாதுடா" என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். பெரிய சாதனை செய்த மாதிரி.

அவன் கப்பலில் இருந்த முதல் கார்த்திகை தீபத்தன்று, சரியாக ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து வீடியோ காலில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சின்ன வயசிலிருந்து அன்றைக்கு அவன் விரதம் இருப்பான். மலையில் தீபம் பார்த்த பிறகுதான் சாப்பாடு. ஊரில் நிறையப் பேர் அப்படித்தான். நான் அந்த ரகம் இல்லை. பதினோரு மணிக்கே இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அன்று கால் போகவே இல்லை. லட்சக்கணக்கான பேர் ஊருக்குள் நின்றுகொண்டு, ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் டவர் என்ன செய்யும்? திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினான்கு வருஷமாக நெட்டையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை. கப்பல் நடுக்கடலில் இருந்தது, அங்கே நெட் இருந்தது. திருவண்ணாமலையில்தான் இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு போட்டோ போய்ச் சேர்ந்தது.

அதற்கு அடுத்த மாதம் அவன் மனைவிக்கு ஐந்தாம் மாசத்தில் கரு கலைந்துவிட்டது.

அவன் எதையும் வாய்விட்டுச் சொல்கிறவன் இல்லை. வேலை ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தவன், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "போன வருஷம் நான் தீபம் பாக்கல கா" என்றான். எனக்குச் சுரீர் என்றது. "அதுக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்? டாக்டர் காரணம் சொன்னாரா இல்லியா?" என்று சத்தம் போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். நம்பவில்லை என்று தெரிந்தது. அவன் நம்பாததைவிட எனக்குள் ஓடியதுதான் மோசம். காட்டுகிறேன் என்று சொன்னவள் நான்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு அவன் கப்பல் ஏறியபோது மனைவி மறுபடி முழுகாமல் இருந்தாள். அந்த வருஷத் தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என்னிடம் சொல்லிவிட்டான். இந்த முறை தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறானாம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று. தீபத்தை ஏற்றுகிற நேரத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயில் தண்ணீர் படவேண்டும்.

"அடுப்பு முன்னாடி நின்னுக்கினு தண்ணி குடிக்காம இருப்பியா? மயக்கம் போட்டு விழுந்தா கடல்லயே போட்டுட்டுப் போயிடுவானுங்க."

"இருப்பேன் கா. நீ மட்டும் காட்டிடு."

"ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன், பொறுமையா பாரு."

"அதுக்குப் பேரு பாக்கறதா?" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். என் கடையில் கேபிள் நெட் உண்டு, அது நெரிசலில் படுக்காது. ஆனால் தீபத்தன்று கோயிலைச் சுற்றித் தடுப்புப் போட்டுவிடுவார்கள். கடைப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட முடியாது. ஊருக்குள் வேறு எங்கே நின்றாலும் டவர் கதை அதேதான். ஆகவே ஊரைவிட்டு வெளியே போய்விடுவது என்று முடிவு செய்தேன். தம்பி மனைவி வளைகாப்பு முடிந்து கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். தீபமும் தெரியும். அங்கே டவரில் கூட்டம் இல்லை. தம்பியும் அவன் பங்குக்கு ஏற்பாடு செய்துவிட்டான். நமக்கு மாலை ஆறு என்றால் அவன் இருந்த இடத்தில் மதியம் ஒன்றரை. மதியச் சாப்பாட்டு நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம். பெரிய சமையல்காரரிடம் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலை செய்வதாகச் சொல்லி, இருபது நிமிஷம் வாங்கியிருந்தான். புது பேக் ஒன்றை வாங்கி அன்றைக்கென்று தொடாமல் வைத்திருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என்னைத் தவிர.

தீபத்தன்று விடிகாலையில் கோயிலில் பரணி தீபம். நான் எழுந்து தெருவுக்கு வந்தபோதே ஊர் ஜேஜே என்றிருந்தது. எனக்கு எங்கிருந்தோ ஓர் உற்சாகம் பிறந்துவிட்டது. பாவம், அங்கே தனியாகக் கிடக்கிறானே, அவனுக்கு இதெல்லாம் காட்டவேண்டாமா? கோபுரத்து விளக்கை எடுத்தேன். கிரிவலம் போகிற கூட்டத்தை எடுத்தேன். பூக்கடை, டீக்கடை, அன்னதானத்துக்கு அண்டா ஏற்றுகிறவர்கள், தோளில் குழந்தையோடு நடக்கிற அப்பா, எதையும் விடவில்லை. எடுக்க எடுக்க குடும்பக் குரூப்பில் போட்டேன். ஒன்று மட்டும் அணைக்க மறந்து, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததில், முக்கால் தெருவுக்கு என் செருப்புக் காலையே எடுத்திருக்கிறது. பார்க்காமல் அதையும் அனுப்பிவிட்டேன். "அக்கா, எதுக்கு செருப்ப அனுப்பியிருக்க?" என்று சித்தி பையன் கேட்டு, குரூப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டவர் படுப்பதற்குள் நாற்பத்தொரு வீடியோ. பிறகு எண்ணிப் பார்த்ததால் சொல்கிறேன்.

மதியம் திண்டிவனம் சாலையில் போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையத்துக்கு நடந்து போய் பஸ் ஏறினேன். உள்ளே வருகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் ஏறின பஸ்ஸில் நானும் இன்னும் நான்கு பேரும்.

"ஊரே உள்ள வருது, நீங்க வெளிய போறீங்களேம்மா" என்றார் கண்டக்டர்.

"தீபம் பாக்கத்தாங்க போறேன்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசித் தடுப்பைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனதும் கைப்பைக்குள் போன் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. காலையிலிருந்து தேங்கிக்கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அதில் தம்பியுடையது ஒன்று. பத்தே காலுக்கு அனுப்பியிருக்கிறான்.

'அக்கா பேக் முடியப்போவுது. இனிமே எதுவும் அனுப்ப வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லு.'

உடனே பதில் அடித்தேன். ஒற்றை டிக். மறுபடி ஒன்று. அதற்கும் ஒற்றை டிக். இரண்டாவது டிக் விழுந்தால்தான் அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். விழவே இல்லை.

தானாக இறங்கும்படி வைத்துக் கொடுத்தது யார்? நான். அதன் தலையில் நாற்பத்தொன்றைக் கொட்டியது யார்? நான்தான். ஒரு மாதமாக அவன் வாயைக் கட்டிச் சேர்த்துவைத்ததை நான் ஒரே காலையில் தின்று ஏப்பம் விட்டிருக்கிறேன். கவுண்டர் திறக்க அங்கே ஐந்து மணி ஆகவேண்டும். அதற்குள் இங்கே தீபம் ஏற்றி மூன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். அதன் பிறகு பார்த்தால் அவனுக்கு அது கணக்கில் வராது. தண்ணீர் குடிப்பானா, மாட்டானா? குடித்தாலும் பிள்ளை பிறக்கிறவரை அவன் மனசு என்ன பாடுபடும்?

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வெளியிலிருந்து அவனுக்கு பேக் போடமுடியுமா என்று கப்பல் கம்பெனி வெப்சைட்டில் தேடினேன். அவனுடைய ஊழியர் எண் கேட்டது. அது என்னிடம் இல்லை. ஊரில் இருக்கிறவன் எண்ணெல்லாம் மனப்பாடம், சொந்தத் தம்பி எண் தெரியவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

கீழ்பென்னாத்தூரில் தம்பி மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஏழு மாச வயிறு. முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணி, அகல் எல்லாம் ரெடி. எண்ணெ ஊத்தி திரி போட்டுட்டேன்" என்றாள். அவளிடம் மறைக்கலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முடியவில்லை.

"அவன் பேக்கு தீந்துடுச்சும்மா. காலைல நான்தான் வீடியோவா அனுப்பித் தள்ளிட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. பிறகு, "நானும் தான் அண்ணி அனுப்பினேன். கோலம் போட்டது, அகல் கழுவினது... பதினஞ்சு போட்டோ இருக்கும்" என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளா, நிஜமாகவே அனுப்பினாளா என்று தெரியாது. அந்த நேரத்தில் அவள் அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அவள் அம்மா டம்ளரில் காபி கொண்டுவந்தார். எனக்கு இறங்கவில்லை. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விரதமெல்லாம் இல்லை, வீடியோ எடுத்ததில் மறந்துபோயிருந்தது. அவன் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது நான் காபி குடிப்பதா என்று தோன்றியது. டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு மாடிக்குப் போனோம். நெல் வயல்களுக்கு அப்பால், சூரியன் இறங்கின இடத்தில், மலை கறுப்பாகச் சின்னதாகத் தெரிந்தது. சுற்றியிருந்த மாடிகளிலெல்லாம் ஆட்கள். கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக அகல் விளக்குகள், ஒன்றிலும் சுடர் இல்லை. எங்கள் பக்கத்தில் மலையில் தீபம் தெரிவதற்கு முன் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்றமாட்டார்கள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் மேற்கே பார்த்தபடி நிற்பார்கள்.

நான் மலையைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை டிக்.

ஐந்து ஐம்பத்து நான்குக்கு ஒரு வீடியோ கால் வந்தது. தெரியாத வெளிநாட்டு எண். படத்தில் வழுக்கைத் தலையோடு யாரோ ஒருவர், மடியில் ஒரு குழந்தை. கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். வெளிநாட்டு எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தால் எடுக்காதீங்க, ஏமாத்துக்காரனுங்க என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவள் நான். விரல் அதுவாகவே போய்விட்டது.

மூன்றாவது முறை அடித்தபோது தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். "எடுங்க அண்ணி. அவரா இருக்கும்."

எடுத்தேன். வெள்ளைத் தொப்பி, வியர்த்த முகம், வெடித்த உதடு. என் தம்பி.

"ஏன் கா கட் பண்ற?" என்றான். குரல் கரகரத்தது. கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர் போனாம். பின்னால் அவர் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையாட்டினார். நான் இரண்டு முறை மூஞ்சியில் அடித்த அதே வழுக்கைத் தலை.

பேச நேரமில்லை. போனை மலைப் பக்கம் திருப்பினேன். மாடிகளில் பேச்சு அடங்கியது. எண்ணி ஐந்தே நிமிஷம் இருக்கும். திடீரென்று மேற்குத் தெருவிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு குரல் கிளம்பியது. அடுத்த நொடி ஊரே சேர்ந்துகொண்டது. மலை உச்சியில் ஒரு பொட்டுச் சிவப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தி கம்மி என்று பெயரெடுத்த எனக்கு.

"பாத்தியாடா? தெரியுதா?"

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையில் தேடினான்.

"தெரியுதாடா?"

"சத்தம் கேக்குது கா. தீபம் தெரியல. மல கூடத் தெரியல, எல்லாம் சாம்பலா இருக்கு."

பெரிதாக்கினேன். திரை முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள். இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஒரு சுடரை என் போன் எங்கே பிடிக்கும்? டவர் யோசித்தேன், நேரம் யோசித்தேன், கேமராவை யோசிக்கவில்லை. "எரியுதுடா, சத்தியமா எரியுது, என் கண்ணால பாக்கறேன்" என்றேன்.

"உனக்குத் தெரியுது கா. எனக்குத் தெரியலையே."

அவன் குரல் உடைந்தது. எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. தம்பி மனைவி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிந்து முதல் அகலை ஏற்றினாள். பிறகு அடுத்தது. எதிர்வீட்டுச் சுவரில் ஒன்று எரிந்தது. பக்கத்து மாடியில் நான்கு. தெருக்கோடி வரை ஒவ்வொரு வீடாக விளக்குகள் எரிந்துகொண்டே போயின.

"அண்ணி, போனை இப்படித் திருப்புங்க" என்றாள். "அவருக்குத் தெருவக் காட்டுங்க."

திருப்பினேன். மலையைப் பிடிக்காத கேமரா, பத்தடி தூரத்து விளக்கைத் துல்லியமாகப் பிடித்தது. தெரு முழுக்கச் சுடர்கள். அவன் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. விளக்கு விளக்காகப் பார்த்தான். இந்த ஜில்லாவில் பிறந்தவனுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. மேலே எரியாமல் கீழே ஒரு வீட்டிலும் எரியாது.

"ஏத்திட்டாங்க" என்றான் மெதுவாக. "ஏத்திட்டாங்க கா."

தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவன் அதை நிறுத்தாமல் குடித்த சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. தம்பி மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நான் சும்மா அழுதேன்.

"மன்னிச்சுக்கடா" என்றேன். "ஆட்டோ டவுன்லோடு போட்டுக் குடுத்தது நான். அது மேல அத்தினியும் அனுப்பி உன் நெட்ட முழுங்கினதும் நான்தான்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அத நான் போன வாட்டியே நிறுத்திட்டேன் கா."

"அப்புறம் எப்படித் தீந்துது?"

யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தமும், பாத்திரங்கள் மோதுகிற சத்தமும் கேட்டன.

"நான்தான் ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்தேன். ஒண்ணு மட்டும் பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. நாப்பத்தொண்ணும் பாத்துட்டேன்" என்றான். "உன் செருப்பு வீடியோ இருக்கே, அத ரெண்டு வாட்டி பாத்தேன். நம்ம தெரு அதுலதான் கா நல்லா தெரிஞ்சுது."